ஒற்றைச் செருப்பு

"ஒரு செருப்ப மட்டும் கழட்டிக் குடுத்துட்டு ஏறுங்க. ஒண்ணு போதும்."

ஏரிக்கரையில் கயாக் படகு வாடகைக்கு விடும் அக்கா, வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். வாங்கிய செருப்பைக் கொட்டகை வாசலில் சாத்தியிருக்கும் மரச்சட்டத்தில் ஓர் ஆணியில் மாட்டுவார். பதினோரு கயாக், நின்றுகொண்டே துடுப்புப் போடும் மிதவைப் பலகை ஆறு. ஆணிகளோ முப்பது. "படகுக்கு ஆணி இல்லீங்க, ஆளுக்கு ஆணி" என்பார். ஒற்றைச் செருப்போடு எவனும் வீடு போய்ச் சேரமாட்டான். ஆணியில் செருப்பு தொங்கினால் ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறான். பதினான்கு வருடமாக இந்தக் கணக்கு தப்பியதில்லை. கரையில் அவருக்குச் செருப்பக்கா என்றே பெயர்.

முழுக்கைச் சட்டை, கழுத்தில் விசில், வெயிலில் தோலுரிந்த மூக்கு. உயிர்காப்பு உடுப்பின் வாரைத் தானே இழுத்துப் பார்க்காமல் யாரையும் விடமாட்டார். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்று ஒருவர் மார்தட்டியபோது, "தண்ணிக்கு உங்களத் தெரியாதே சார்" என்று இன்னும் ஒரு பிடி இறுக்கினார். போட்டோவுக்காக நடு ஏரியில் உடுப்பைக் கழற்றுகிறவர்களைக் கண்டால் விசில் காதைக் கிழிக்கும். கூடவே வரும் வசவை அச்சில் ஏற்ற முடியாது.

இப்படிப்பட்டவரை ஏரி நிர்வாகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள். கையில் டேப்லெட்டோடு புது மேலாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை வந்தார்.

"வாசல்லயே செருப்பு தொங்குனா பாக்க நல்லாவாம்மா இருக்கு? கணக்கெல்லாம் இனி இதுலயே வந்துரும்."

திங்கட்கிழமைக்குள் சட்டத்தைக் கழற்றாவிட்டால் கரையில் இடம் கிடையாதாம். ஒரு நாளும் தண்ணீரில் கால் நனைக்காத மனிதர் சொல்கிறார்! பக்கத்து டீக்கடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு அந்த நாலு முழக் கரையை விட்டால் வேறு பிழைப்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புகளைத் துடைத்தார்.

ஞாயிறு மாலை காற்று திடீரென்று திசை மாறியது. அக்கா விசிலடித்து எல்லோரையும் கரைக்கு வரவழைத்தார். மேலாளர் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"பதினேழும் வந்தாச்சு. பூட்டுங்கம்மா."

சட்டத்தில் ஒரு நீலச் செருப்பு மிச்சமிருந்தது.

"யாராவது மறந்துட்டுப் போயிருப்பாங்க."

"பலகை வந்துருச்சு சார். ஆளு எங்க?"

நீலச் செருப்புக்காரனோடு வந்த வாலிபன் டீக்கடையில் நின்றிருந்தான். அக்கா போய்ச் சட்டையைப் பிடித்ததும் இளித்தான். நண்பன் படம் எடுக்க நடு ஏரிப் பாறையில் ஏறினானாம். உடுப்பைக் கழற்றிப் பலகைமேல் வைத்தானாம். இவன் பலகையோடு அதையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டானாம்.

"சும்மா விளையாட்டுக்குத்தாங்க்கா. கொஞ்ச நேரம் கத்தட்டும்னு..."

"அவனுக்கு நீச்சல் தெரியுமாடா?"

இளிப்பு நின்றது.

விளையாட்டாம்! பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். அவனை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. பலகையைத் திருப்பித் தந்ததும் இரண்டு பேரும் வந்துவிட்டதாக எழுதிக்கொண்ட அந்த டேப்லெட்டையும் சேர்த்துத்தான். பாறைமேல் அலை ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா இரட்டை இருக்கைக் கயாக்கைத் தண்ணீரில் தள்ளினார். ஏறுவதற்கு முன் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றினார். ஆணிக்குப் போகாமல் நேராக மேலாளரிடம் வந்து, அந்த டேப்லெட்டின் மேலேயே வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிருங்க சார்."

இருபத்தைந்து நிமிடம். மேலாளர் உட்காரவில்லை, செருப்பைக் கீழே வைக்கவும் இல்லை. முன் இருக்கையில் நடுங்கிக்கொண்டிருந்த ஆளோடு கயாக் கரை தட்டியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா நீலச் செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டார். பிறகு மேலாளருக்கு எதிரே வந்து நின்று, செருப்பில்லாத ஈரக் காலை முன்னால் எடுத்து வைத்தார்.