அண்ணன் நெஞ்சில் கேட்காத சத்தம்

மருத்துவத் துறைக்குள் நுழையும் ஆசையில், உயிர்மருத்துவ அறிவியலில் ஒரு வருட முதுகலை படிக்கிறேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தார். புது ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துப் பழகிப் பார்த்தேன். இடப்பக்கம் துடிப்பே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் வைத்து அழுத்திக் கேட்டேன்.

"இன்னா பாப்பா, நான் உயிரோடதான கீறேன்?" என்று சிரித்தார்.

"சும்மா இருண்ணா" என்றபடி கருவியை நகர்த்தினேன். வலப்பக்கம் போனதும் துடிப்பு தெளிவாகக் கேட்டது! பயந்துபோய் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் எங்களுக்குத் திரையில் காட்டினார். இதயம் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம். கண்ணாடியில் தெரிவதுபோல் உள்ளே எல்லாமே இடம் மாறியிருந்தது.

"பிறவியிலேயே இப்படித்தான், பயப்பட வேணாம். ஆனா மத்தவங்களுக்கு வலப்பக்கம் வர்ற குடல்வால் வலி, இவருக்கு இடப்பக்கம்தான் வரும். தெரியாம இருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார்.

சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணனை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த விவரத்தை எழுதி அண்ணன் பர்ஸில் வைத்திருக்கிறார். நான் யார் நெஞ்சில் கருவியை வைத்தாலும், இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் எடுக்கிறேன்.

- ஒரு மாணவி, மணிமங்கலம்