போ என்று சொல்ல வராத நாக்கு

பதுளைக் கடைத்தெருவில் நான் துணிக்கடை வைத்திருந்த காலத்தில் ரயில் இன்னும் ஊருக்கு வந்திருக்கவில்லை. தோட்டத்து ஜனங்கள் மலையிலிருந்து நடந்தே இறங்கி வருவார்கள். கடையிலுள்ள துணியையெல்லாம் பிரிக்கச் சொல்லி, பேரம் பேசி என் உயிரை வாங்கிவிட்டு, கடைசியில் ஒன்றும் வாங்காமலே எழுந்து, "போயிட்டு வர்றோம் மொதலாளி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து மட்டும் என்ன கிழிக்கப் போகிறீர்கள் என்று கேட்க வாய் துடிக்கும். ஆனால் அந்த வாயே, "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லும்.

நாங்கள் முஸ்லிம்கள், தலைமுறையாக வியாபாரிகள். எங்கள் வீட்டிலும் புறப்படுகிறவரைப் பார்த்து வெறுமனே "போங்க" என்று யாரும் சொன்னதில்லை. இரவில் கடையை மூடு என்று சொல்ல மாட்டோம், எடுத்து வை என்போம். மூச்சு விடுவது மாதிரி வந்துகொண்டிருந்த பேச்சு. அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. ஒரு வழக்குதான் யோசிக்க வைத்தது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் கடைப்படியில் வந்து நின்றாள். கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம்.

"மொதலாளி, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கமுங்க?" என்றாள்.

தோட்டத்தில் பாறை உருண்டு அவள் புருஷன் இடுப்பில் அடிபட்டு, வண்டியில் போட்டுப் பதுளைக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். நான் வழி காட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் தோட்டத்தில் அவளை வேலை வாங்குகிற கங்காணி இரண்டு ஆட்களோடு வந்து சேர்ந்துவிட்டான். லீவு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அந்தக் காலத்தில் அது குற்றம். பிடித்து மறியலில், அதாவது ஜெயிலில், அடைக்கலாம்.

"ஓடிப் போகவா பாத்த?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டு வந்துடுறேங்க!" என்று அவள் கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி. ஆனாலும் அவளைப் போலீஸுக்குத்தான் கொண்டுபோனார்கள். அன்றைக்கு நான் அந்தக் கங்காணியைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டிய பலன், நானும் சாட்சியானேன்.

வழக்கு நாளன்று கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் அவள் புருஷனைப் பற்றி விசாரித்தேன். "உயிர் இருக்கிறது, மற்றதைச் சொல்ல முடியாது" என்றார்கள். அவளை மறியலுக்கு அனுப்பினால் இனி அவனை உயிரோடு பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

நீதவான் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்கு மொழிபெயர்க்க வடக்கிலிருந்து வந்த முதலியார் ஒருவர் இருந்தார். அவர் போட்டிருந்த கோட்டைப் போலவே அவருடைய தமிழும் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கங்காணியோ, பக்கத்துத் தோட்டத்தில் அவளுக்குச் சொந்தம் இருக்கிறது, ஆஸ்பத்திரியைச் சாக்கு வைத்து அங்கே ஓடத்தான் பார்த்தாள் என்றான். துரை தலையை ஆட்டினார். சரி, காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

பிறகு துரை கேட்டதை முதலியார் கங்காணியிடம் கேட்டார். "புறப்படுமுன் உன்னிடம் சொன்னாளா?"

"சொல்லிச்சுங்க. காலையில பெரட்டுல ஆளுங்களுக்கு வேல பிரிச்சிக்கிட்டு இருந்தேன். 'போயிட்டு வர்றேங்க ஐயா'ன்னு வந்து நின்னுச்சு. வேல கெடக்கு, லீவு கெடையாதுன்னு ஏசினேன்."

"அதன் பின்?"

"அழுதுகிட்டே மறுபடியும் 'போயிட்டு வர்றேங்க'ன்னுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க."

"கோபத்தில் என்ன சொன்னாய்?"

கோர்ட்டின் பின்பக்கம் கங்காணியின் லயத்து ஜனங்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள், நின்றுகொண்டிருந்தார்கள். கங்காணி அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வான்னு சொன்னேனுங்க."

முதலியார் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்தார். ஆளுக்கு லீவு கொடுக்கிறவன் யார் என்று கேட்டார். தானேதான் என்று கங்காணி மார்பை நிமிர்த்திச் சொன்ன பிறகுதான் அவனுக்கே விஷயம் விளங்கியது.

"ஐயையோ, அது லீவு குடுத்ததில்லைங்க! கோவத்துல சொன்னதுங்க!"

"கோபம் வந்தவன் 'போ' என்றல்லவா சொல்வான்? நீ ஏன் அப்படிச் சொல்லவில்லை?" என்று துரைக்காக முதலியார் கேட்டார்.

"புருசன் ஆஸ்பத்திரியில கெடக்கான். அந்தப் பொம்பளயப் பாத்து அந்த வார்த்தைய எப்படிங்க சொல்றது? நாக்கு வருமா?"

இதை மொழிபெயர்க்க முதலியார் நன்றாகத் திணறினார். எப்படிச் சொல்லி முடித்தாரோ, துரை மறுபடியும் பேனாவை எடுத்தார். போய் வரச் சொன்னவனே அவளைப் பிடித்தும் வந்திருக்கிறான் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்.

அவளை விடுவிப்பதற்கான கையெழுத்துகள் ஆகிக்கொண்டிருந்தன. வாசலில் கங்காணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன் கங்காணியாரே, போன்னுதான் சொன்னேன்னு அடிச்சுப் பேசியிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?" என்றேன்.

அவன் என்னை முறைத்தான். "தோத்தா தோட்டத்துத் துரை ஏசுவாரு, வாங்கிக் கட்டிக்கலாம். அப்படிச் சொன்னவன்னு லயத்துல பேரு வாங்கிட்டா, நாளைக்கு என் வீட்டு நல்லது கெட்டதுக்கு எவன் வந்து நிப்பான் மொதலாளி?"

தெருவில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கக் கூசாத மனுஷன் ஒரு வார்த்தைக்குக் கூசினான். அந்த வேலியைச் சட்டம் போடவில்லை, தோட்டத்துத் துரை போடவில்லை. விடிந்ததும் கொம்பு ஊதினால் எழுந்து ஓடுகிற அந்த ஜனங்களேதான் தங்கள் பேச்சுக்குள் போட்டு வைத்திருந்தார்கள். பேசுகிற எங்களையெல்லாம் விட எங்கள் பேச்சு நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவள் வெளியே வந்ததும் நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஓட்டமும் நடையுமாக அவள் முன்னால் போக, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அவள் புருஷன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தான். அவளைக் கண்டதும் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் பயத்தில் வெளுத்துவிட்டது.

"யாரக் கேட்டு வந்த? கங்காணி சும்மா விடுவாரா?"

அவள் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். போலீஸைப் பற்றியோ கோர்ட்டைப் பற்றியோ அவள் வாயைத் திறக்கவில்லை.

"அவருதாங்க அனுப்பி வச்சாரு," என்றாள்.

அவன் சிரமப்பட்டு இரண்டு கைகளையும் தூக்கி, தோட்டம் இருக்கிற மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டான்.