சில்வர் பெயிண்ட் அடித்த சக்கரம்

பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வரும் லாரிகளை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவது எங்கள் அப்பாவின் தொழில். தொழில் என்று சொல்கிறேனே தவிர, உழவர்கரையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஓடுகிற லாரி ஒன்று, அதற்கு உதிரிபாகம் கொடுப்பதற்கென்றே அக்கக்காகப் பிரித்துப் போட்ட லாரி இன்னொன்று, அவ்வளவுதான். கடல் சீற்றம் என்று அறிவிப்பு வந்தால் கனகசெட்டிக்குளத்திலிருந்து ஆள் வரும். படகுகளை மேட்டுக்கு இழுக்க வேண்டும். மற்ற லாரிகள் மணலில் புதைந்துவிடும், எங்கள் லாரிக்கு முன்பக்கச் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. “அந்தக் கெழவிக்குப் பாக்குற வைத்தியத்துல பாதி எனக்குப் பாத்திருந்தா என் முட்டிவலி என்னிக்கோ போயிருக்கும்” என்பாள் அம்மா.

அந்த லாரியின் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மற்ற வண்டிகளில் டயரைத் தாங்கும் வட்டு ஒரே துண்டாக இருக்கும். இதில் இரண்டு பாதி. இரண்டையும் விளிம்பைச் சுற்றி நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். நடுவில் இருக்கும் நட்டுகள் வேறு, அவை சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. பஞ்சர் என்றால் நடுவில் உள்ளவற்றைத்தான் கழற்ற வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது விளிம்பு நட்டுகளைக் கழற்றினால், ஆவி அடங்காத குக்கரைத் திறந்த கதைதான். ஆனால் இங்கே மூடி, ஒரு ஆள் தூக்க முடியாத இரும்பு. அதனால் விளிம்பு நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட் அடித்து வைப்பது பட்டாளத்து வழக்கம். அப்பாவும் அதை அப்படியே வைத்திருந்தார்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. கோரிமேட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவை, தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மாதான் அழைத்துவந்து அப்பாவிடம் விட்டாள். அப்பா முதல் நாள் சொன்ன பாடம் ஒன்றுதான்: “செவப்ப மட்டும் தொடாத மாப்ள. மீதி எதுல வேணாலும் கைய வெச்சிக்கோ.” விளிம்பு, நடு என்றெல்லாம் விளக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. ஆயுத பூஜைக்கு முதல் நாள், முன்பக்க பம்பருக்கு மட்டும் அடி என்று அப்பா ஒரு டப்பா சில்வர் பெயிண்ட்டையும் பிரஷையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார். பம்பர் அரை மணியில் முடிந்துவிட்டது. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம். வெறிச்சென்று கிடந்த முன் சக்கரங்களைப் பார்த்தேன். பச்சை வட்டில் சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. உட்கார்ந்து ஒரு நட்டு விடாமல் சில்வர் அடித்தேன். என் ஆயுளில் அவ்வளவு அக்கறையாக வேறு எதையும் செய்ததில்லை. பொழுது சாய்ந்து திரும்பிய அப்பா பம்பரைப் பார்த்து, “ஜோரா கீதே!” என்றார். குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இடது முன் சக்கரத்தில் காற்று குறைந்து வண்டி லேசாகச் சாய்ந்திருந்தது. அப்பா கொட்டகைக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் தானே மாற்றிவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தில் எங்கும் சிவப்பு இல்லை. கைக்கு எட்டியது விளிம்பு, அதிலேயே ஸ்பேனரைப் போட்டார்.

ஒரு நட்டு கழன்றது. இரண்டாவது நட்டில் என் சில்வர் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. “மாமா, அதத் தொடாத! என் பெயிண்ட் போவுது!” என்று கத்தினேன். “இரு பாப்பா, அப்புறம் நானே அடிச்சித் தரேன்” என்று மூன்றாவதில் போட்டார். நான் தரையில் விழுந்து புரண்டு, ஊரே கேட்கும்படி ஊளையிட்டேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பா ஈரத் துண்டோடு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். மாமாவின் கையையும் சக்கரத்தையும் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ரொம்ப மெதுவாக, “மாப்ள, ஸ்பேனர உட்டுடு. எதுர நிக்காத. சைடால நகுந்து அந்தாண்ட வா” என்றார். மாமா நகர்ந்ததும் அப்பா பக்கவாட்டில் ஊர்ந்து போய்க் காற்றைப் பிடுங்கிவிட்டார். அது முழுசாக இறங்கி முடிக்கும் வரை மாமாவைக் கிட்டே விடவில்லை. பிறகு அப்பா தரையில் உட்கார்ந்துகொண்டார். மாமா கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி முடுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தின்னரில் துணியை நனைத்து என் சில்வரையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடியும் சிவப்பையே அடித்தார்.

அம்மா சுண்டலும் பொரியுமாக வந்தபோது பெயிண்ட் காயவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்து என்னடா என்று கேட்டாள். அவர் நடந்ததை உளறிவிட்டார். அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அந்தச் செவப்ப அழிச்சது யாரு?” என்றாள்.

“நாந்தான்” என்றார் அப்பா. “பூசைக்குப் பளபளன்னு இருக்கட்டுமேன்னு அடிச்சிட்டேன்.”

நான் துள்ளிக் குதித்தேன். “பொய்! நாந்தான் அடிச்சேன்!”

“நீ பம்பர் அடிச்ச பாப்பா. சக்கரம் அப்பா அடிச்சேன்” என்று என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சாட்சிக்கு மாமாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். என் பெயிண்ட், என் பெயிண்ட் என்று நான் கத்தியதைக் கேட்டவர் அவர்தானே. அவரோ குனிந்து வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பூஜை முடிந்ததும் அம்மா மாமாவை ஊருக்கு அனுப்பிவிட்டாள். தீபாவளி வரை அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், போய்விடுவாள். பொய் சொன்னவருக்கு நன்றாக வேண்டும் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், “சக்கரத்துக்கு நீ பெயிண்ட் அடிச்சன்னு அம்மாகிட்ட எப்பவும் சொல்லக் கூடாது, சரியா?” என்றார்.

“ஏன்? நீ அடிச்சதாவே இருக்கணுமா?”

“ஆமா. நான் அடிச்சதாவே இருக்கட்டும்.”

பெற்ற பெண்ணின் மேலேயே இவ்வளவு பொறாமைப்படுகிற மனிதர் உலகத்தில் உண்டா என்று எனக்கு அழுகையாக வந்தது.