பத்து மணிவரை நடுங்கும் கை

சுவிஸ் நாட்டு இன்டர்லாக்கனில் நான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில், தட்டின் ஓரத்தில் சோஸால் ஒரு வளைவு போடுவது என் வேலை. பதினெட்டு வருடமாகப் போட்ட வளைவு. அன்று அது பல்லுப் பல்லாக வந்தது. சிறுநீரக மாற்று முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாம் கிழமை அது.

சிறுநீரகம் தந்தவள் என் மனைவி வதனி. கை நடுங்குகிறது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தன் உடம்பை வெட்டித் தந்தவளிடம் குறை சொல்வதா? டாக்டர் கேட்டபோதும் "ஆலெஸ் கூட்" (எல்லாம் நல்லம்) என்றேன். இந்த நாட்டில் நம்மவர்கள் முதலில் படிக்கும் பொய் அதுதான்.

நடுக்கத்துக்குக் காரணம் டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடம்பு தாக்காமல் தடுக்கும் மருந்து). நரம்பையும் அது சீண்டும் என்று மருந்துப் பெட்டியிலிருந்த தாளில் வாசித்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில், வேலை நாட்களில் காலைக் குளிசையை விட்டேன். கை கொஞ்சம் அடங்கியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், மடையன்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. என் உடம்பு அவளுடைய சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தாக்குதலை அடக்க ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஸ்டீரொய்ட் ஏற்றினார்கள். வதனியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"என்ர கிட்னியை என்னைக் கேக்காமல் எறியப் பாத்தனீங்களோ?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

கழிவு இறங்கியது. தப்பினேன். அன்று டாக்டரின் மேசையில் இரண்டு கைகளையும் நீட்டி வைத்தேன்.

"சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இது சின்னப் பக்கவிளைவுதான்" என்றார்.

"உங்களுக்குச் சின்னது. நான் சமையல்காரன்" என்றேன். உயிர் பிழைத்ததால் மற்றதையெல்லாம் வாயை மூடிப் பொறுப்பேன் என்று எந்தத் தாளிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை.

மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார், நாளுக்கு ஒருமுறை. நடுக்கம் பாதியாகக் குறைந்தது. விழுங்கி முதல் இரண்டு மணித்தியாலம்தான் மோசம். கை நடுங்குகிறதென்று பாத்திரம் கழுவப் போகச் சொன்ன தலைமை ஷெஃபிடம் முடியாது என்றேன். எட்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் விழுங்குகிறேன். பத்துவரை கீரை கழுவுவேன், சூப் கிண்டுவேன். பிறகு சோஸ்.

நீங்களும் இதே குளிசை எடுப்பவரென்றால் நடுக்கத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். குளிசையை மட்டும் விடாதீர்கள்.

எட்டிலிருந்து பத்துவரை இந்த உடம்பு மருந்துக்கு. மிச்ச இருபத்திரண்டு மணித்தியாலமும் எனக்கும் வதனிக்கும் பாதி பாதி. அதில் ஒரு நிமிடத்தையும் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.