இருபத்தொன்பதில் பதினேழு

"மரகதம் பேரை அடிக்க வேண்டாங்க" என்று இன்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உறையூரில் நான் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் இருபத்தொன்பது பெண்கள். அரையாண்டுப் பரீட்சையில் பதினேழு பேர் தேறினார்கள். நூற்றுக்கு அறுபது பேராவது தேறாவிட்டால், அடுத்த வருஷம் இவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பே கிடையாது என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார்.

நான்கு முறை வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பதைக்கூடத் தொடவில்லை.

தலைமையாசிரியை தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, மேல இருக்கிற நம்பரையே பாத்துட்டு இருக்கே? கீழ ஒண்ணைக் குறையேன்."

"எப்படிங்க டீச்சர்?"

"மரகதம் பாதி நாள் தறி வேலைக்குத்தானே போறா? ஃபெயிலும் ஆயிட்டா. அவ பேரை அடிச்சிடு. ஒருத்திக்காக மத்த இருபத்தெட்டு பேரும் வீட்ல உக்காரணுமா?"

இருபத்தெட்டில் பதினேழு என்றால் அறுபதைத் தாண்டிவிடுகிறது. அடித்துவிட்டேன்.

என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்த நீங்களெல்லாம் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரிகள். வேறு வழி இருந்திருந்தால் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மத்தியானம் மரகதம் வகுப்புக்கு வந்தாள். நான் எல்லாப் பேரையும் வாசித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், என்னைக் கூப்பிடலையே?"

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.