சாக்ஸோடு எடுத்த அச்சு

எங்கேயாவது ஃபால்ஸ் சீலிங் வேலை நடந்தால் நான் நின்றுவிடுவேன். நனைந்த பிளாஸ்டர் வாசனை. சுண்ணாம்பும் மழையும் கலந்தாற்போல, கொஞ்சம் சூடாக. அந்தச் சூட்டை என் உள்ளங்கை இன்னும் வைத்திருக்கிறது. சூட்டுக்குள் ஒரு குழந்தையின் குதிகால்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் பலவீனமான காலைத் தாங்கும் காலிபரும் செயற்கைக்காலும் செய்யும் சின்னப் பட்டறையில் எனக்குப் பிளாஸ்டரில் கால் அச்சு எடுக்கும் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் போலியோ பிள்ளைகள். மல்லிகா வேறு. பிறவியிலேயே இடது தொடை எலும்பு குட்டை. ஐந்து வயது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அவள் அப்பா சுடலைமுத்து சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ராணுவ வண்டிகள் செய்யும் ஃபேக்டரியில் ஃபிட்டர். திருநெல்வேலிக்காரர்.

"ஸ்கூல்ல பெரிய டீச்சர் கண்டிப்பாச் சொல்லிட்டாவ. தூக்கிட்டு வார பிள்ளையச் சேக்க முடியாதாம். ஜூன்ல தானா நடந்து வரணுமாம்," என்றார்.

அப்போது ஏப்ரல்.

டாக்டர் சீட்டில் தொடையின் குறைவும், எத்தனை அங்குலம் ரைஸ் என்பதும் இருந்தன. ரைஸ் என்றால் ஷூவுக்கு அடியில் வைக்கும் கட்டை. பாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மல்லிகா வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தாள். கழற்றப் போனேன், காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. எல்லாரும் விரலை எண்ணுவாங்க."

எனக்கு மனசு வரவில்லை. சாக்ஸின் மேலேயே பிளாஸ்டர் பேண்டேஜைச் சுற்றினேன். பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து நின்றது. பயத்தில் திருப்பி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, நேராக நிமிர்த்தி, இறுகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரக்கமும் அவசரமும் சேர்ந்து செய்த தப்பு.

காலிபர் தயாரானது. மல்லிகா பட்டறையில் நடைபழகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுடலைமுத்து கண்ணைத் துடைப்பதற்குப் பதில் மீசையைத் துடைத்தார்.

நாலாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வலிய மறைச்சே நடந்திருக்கா. சொன்னா ஸ்கூல்ல சேக்கமாட்டாவளோன்னு பயம்," என்றபடி சாக்ஸை அவரே உருட்டிக் கழற்றினார்.

உள்கணுக்காலில் புளியங்கொட்டை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அப்போதுதான் அந்தப் பாதத்தைப் பார்த்தேன். மூன்று விரல்கள். வெளிப்பக்கத்து இரண்டும் இல்லை. வெளிக்கணுக்காலைத் தடவினால் எலும்பு கையில் தட்டவில்லை. முட்டுக்கொடுக்க எலும்பில்லாமல் பாதம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. பயந்து திருப்பிய கால் அல்ல அது. அப்படித்தான் அது நிற்கும்.

"என் தப்புண்ணே. சாக்ஸக் கயட்டாம அச்சு எடுத்துட்டேன்," என்றேன்.

அவர் காலிபரையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார். "நாங்க செய்யுத சாமானுக்கு, ஜாப்புக்குத் தக்கனதான் அதப் பிடிக்க ஃபிக்ஸ்சர் செய்வோம். ஃபிக்ஸ்சருக்குத் தக்கன ஜாப்ப நெளிச்சா ஃபோர்மேன் தொலச்சிருவாருல்லா."

"நான் ஜாப்பு இல்ல. மல்லிகா," என்றாள் அவள்.

மூன்று பேரில் யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தொடை குட்டையான பிள்ளைகள் பலருக்குக் கணுக்காலும் பாதமும் இப்படி இருக்கும் என்றார். நிமிர்த்த வேண்டாம், இருக்கிற சாய்விலேயே தாங்கிக்கொடு என்று சொன்னார். புண் ஆறியது. ஆனால் மே பாதி போய்விட்டது.

இரண்டாவது அச்சு. வெறுங்கால். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எண்ணட்டா?" என்றேன்.

"உன்னுது மொதல்ல காட்டு."

செருப்பைக் கழற்றினேன். "பாத்துக்கோ. அஞ்சு கீது."

"ஒண்ணுல நகத்தக் காணோம்."

"கட்ட வியுந்துச்சி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பில் கால் தளர்ந்தது. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினேன், அவ்வளவுதான். அழுத்தவில்லை. பிளாஸ்டர் மெல்லச் சூடாகி, மெல்ல ஆறியது.

பாதம் சாய்ந்தபடியே உட்காரும் தோல் கூடு செய்தேன். உள்கணுக்காலுக்கு ஸ்பாஞ்ச், விரல் இல்லாத இடத்தில் ஃபெல்ட், கூட்டுக்கு அடியில் ரப்பர் பாதம். தரையோடு மட்டமாக இருக்க வேண்டியது அந்த ரப்பர்தான், அவள் கால் அல்ல. சுடலைமுத்து லீவு போட்டு வந்து, கால் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சீட்டைப் படிக்குமுன் இரண்டு காலையும் வெறுங்காலாகப் பாருங்கள். தொடை குட்டை என்றால் கணுக்காலைத் தொடுங்கள், விரலை எண்ணுங்கள். குழந்தை கூச்சப்பட்டால் காத்திருங்கள். கூச்சத்தின் மேல் பிளாஸ்டர் சுற்றாதீர்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நானும் போனேன். வாசலில் மூன்று படிகள். மேலே பெரிய டீச்சர் கைகட்டி நின்றிருந்தார். சுடலைமுத்துவின் கைகள் பழக்கத்தில் அவள் இடுப்புக்குப் போயின, தட்டிவிட்டாள். சுவரைப் பிடித்து ஒரு படி. நின்றாள். இன்னொன்று. மூன்றாவதில் டீச்சர் கையைப் பிரித்து, ஒதுங்கி வழிவிட்டார்.

மல்லிகா திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"அப்பா, மணி அடிச்சா அங்கயே நில்லு. நானே வருவேன்."