எட்டு வருஷம் காப்பி குடித்தவள்

எங்கள் மாதா கோயிலில் பூசை நேரத்தில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கப் போகாமல் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருப்போம். "காப்பி குடிச்சிட்டேன்." நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். அதனால் யாரும் அதற்கு மேல் துருவமாட்டார்கள். நான் அப்படி எட்டு வருஷம் காப்பி குடித்தவள்.

விஷயம் இதுதான். மூன்றாவது பிள்ளை பிறந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். மாமியார் சொன்னார். எனக்கும் மில் வேலையோடு மூன்று போதும் என்றிருந்தது. திருச்சபை அதை ஒத்துக்கொள்ளாது என்று அரைகுறையாகத் தெரியும். முழுசாகச் சொல்ல ஆளில்லை. பிரசங்கத்தில் அந்தப் பேச்சே வராது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சொல்லாமல் நன்மை வாங்கவும் கூடாது.

இப்போது அந்தக் கடைசி மகளுக்குப் புது நன்மை, முதல் தடவையாக அப்பம் வாங்கப் போகிறாள். பெற்றவர்களும் பிள்ளையோடு சேர்ந்து வாங்குவது எங்கள் வழக்கம். அன்றைக்குமா காப்பி குடித்தேன் என்பது?

பங்கில் பத்திருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் அந்த மாசம் எங்கள் தெருவில் நடந்தது. ஜெபமாலை முடிந்ததும் எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் நேராக அந்தப் பேச்சுக்கே வந்துவிட்டார். ஆபரேஷன், மாத்திரை என்று பேர் சொல்லியே பேசினார். பொம்பளைகள் எல்லாரும் தலையைக் குனிந்து பாயைப் பார்த்தோம். பக்கத்துவீட்டு அக்கா என் காதில், "ஏட்டி, அஞ்சாறு பெத்தா இவரா வந்து சோறாக்கிப் போடுவாரு?" என்றாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒளிக்காமல் சொல்கிறாரே, இன்னும் என்ன சொல்வார் என்றுதான் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தருக்கொருத்தர் தருவதில் எதையும் பிடித்து வைக்கக் கூடாது என்றார். பாதிதான் புரிந்தது.

எல்லாரும் கலைந்ததும் சாமியின் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றேன். அதுவரை சாமிமாரிடம் தோத்திரம் சொன்னதோடு சரி. நடந்ததைச் சொன்னேன்.

"பாவம்னு சொல்லுதிய, ஒத்துக்கிடுதேன் சாமி. ஆனா வருத்தம் வரலியே. மூணு பேரு மொகத்தையும் பாத்தா, போதும்னுதான் தோணுது."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"வருத்தம் வரணும்னு ஆசையாவது இருக்காம்மா?"

யோசித்துப் பார்த்தேன். "இருக்கு" என்றேன்.

"அதைச் சொல்லி ஆரம்பிங்க. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க."

போனேன். அவர் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. செய்தது தப்புதான் என்றார். பாவமன்னிப்பும் கொடுத்தார். இரண்டும் ஒரே வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

புது நன்மை அன்று மகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. சாமி அப்பத்தைத் தூக்கிக் காட்டி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். நான் வாயைத் திறக்காமலே நின்றுவிட்டேன். அவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எனக்கு ஆமென் வந்தது.